கலவரம் வரும் என்று கணினி சொன்னால் நம்பலாமா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல, கரையை விட்டுப் போய் நாட்களாகியிருந்தன. 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தது, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் கடற்கரை ஊர்களில் முன்னறிவிப்பு என்று யாராவது பேச்செடுத்தால், என்ன சொன்னார்கள் என்பதைவிட எப்போது சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் இங்கே எழுதப்போவது வேறொரு முன்னறிவிப்பைப் பற்றி. கேள்வி அதேதான்.

அரசை எதிர்க்கும் குழுக்களில் எது ஆயுதத்தைக் கையில் எடுக்கும், எந்தப் பகுதியில் அடுத்த மாதம் ரத்தம் சிந்தும், எத்தனை பேர் சாகலாம் என்று தரவுகளை வைத்துக் கணிக்கும் வேலை இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது, உளவுத் துறைகளும் ராணுவங்களும் அதற்குப் பணம் கொடுக்கின்றன. நான் நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். "சார், கலவரம் வரப்போறத ஏஐ முன்னாடியே சொல்லிடுமாமே, நிஜமா?" என்று குளச்சல் பக்கத்து மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். பத்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இது.

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் வானிலைக்காரர் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1881இல் இங்கிலாந்தில் பிறந்தவர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், அதனால் முதல் உலகப் போரில் துப்பாக்கியைத் தொடாமல் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்தக் காலத்திலேதான், சமன்பாடுகளை வைத்து வானிலையைச் சொல்ல முடியுமா என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்: 1910 மே 20ஆம் தேதி, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று. விடை 145 மில்லிபார் என்று வந்தது, உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் முறை சரி, இன்று நாம் போனில் பார்க்கும் வானிலை அந்தத் தப்புக் கணக்கின் வழியில் வந்ததுதான். 1920இல் வானிலைத் துறை விமானப் படை அமைச்சகத்தின் கீழே போனதும் ரிச்சர்ட்சன் வேலையை விட்டார். பிற்காலத்தில் போர்களை எண்ண ஆரம்பித்தார். 1820க்குப் பிறகு நடந்த சண்டைகளை, ஒரு கொலையில் இருந்து உலகப் போர் வரை, செத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து ஒரே அளவுகோலில் அடுக்கினார். சின்னச் சண்டை ஏராளம், பெரிய போர் மிகக் குறைவு, ஆனால் சாவில் பெரும்பங்கு அந்தச் சில பெரிய போர்களில்தான் என்று தெரிந்தது. எந்த வருடம் போர் தொடங்கும் என்பதிலோ அவருக்கு ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை, தற்செயலாக விழும் மழைத்துளி போலவே இருந்தது.

இப்போதைய முறையைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய அட்டவணையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு இடம், ஒரு மாதம் அல்லது ஒரு வருடம். குறுக்கே தலைப்புகள்: மக்கள்தொகை, வருமானம், ஆட்சி எப்படிப்பட்டது, பக்கத்து நாட்டில் சண்டை உண்டா, போன மாதம் என்ன நடந்தது, இப்படி. கடைசித் தலைப்பு, வன்முறை நடந்ததா இல்லையா. பழைய வருடங்களை எல்லாம் கணினியிடம் கொடுத்தால் எந்தெந்தத் தலைப்புகள் எப்படிச் சேரும்போது கடைசிக் கட்டத்தில் 'ஆம்' வருகிறது என்று அது பழகிக்கொள்ளும். பிறகு கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் புதிய வரியைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறோம். இப்படிப் பழகிய கணக்கு முறைக்குத்தான் மாதிரி (மாடல்) என்று பெயர். அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் நுணுக்கம்.

சிஐஏ பணத்தில் 1994இல் ஆரம்பித்த ஒரு அமெரிக்க ஆய்வுக் குழு, ஜாக் கோல்ட்ஸ்டோனும் மற்றவர்களும் சேர்ந்து, நூற்றுக்கணக்கான தலைப்புகளை அலசிவிட்டு 2010இல் வெளியிட்ட மாதிரியில் நான்கே நான்கு மிஞ்சின: ஆட்சி முறை, குழந்தை இறப்பு விகிதம், அண்டை நாடுகளில் சண்டை, ஒரு பிரிவு மக்களை அரசே ஒதுக்கி வைப்பது. குழந்தை இறப்பு இதில் ஏன் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் நர்ஸும் இருக்கிறார்களா என்பதை அந்த ஒரே எண் காட்டிக்கொடுத்துவிடும், அதாவது அரசு என்ற ஒன்று மக்களின் வீட்டு வாசல் வரை வந்து சேர்கிறதா என்பதை. எந்த நாடு நிலைகுலையும் என்று இரண்டு வருடம் முன்பே 80 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டியது அந்த மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வருடம் மைக்கேல் வார்டு என்பவரும் இரண்டு பேரும் சேர்ந்து, உள்நாட்டுப் போரின் காரணங்களைச் சொல்லிப் புகழ்பெற்ற வேறு இரண்டு மாதிரிகளை எடுத்து, காரணத்தை விடு, உன்னால் முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று சோதித்தார்கள். அதில் ஒன்று, வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் 'போர் வரும்' என்று எடுத்துக்கொள்வதாக வைத்துப் பார்த்தால், நடந்த 107 போர்த் தொடக்கங்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. காரணம் சொல்வதும் கணித்துச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

குழுக்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் மாதிரிகளும் உண்டு. டெட் கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் ஆரம்பித்த சிறுபான்மையினர் பற்றிய தரவுத் திட்டத்தின் கிளையாக, மத்திய கிழக்கின் இன அமைப்புகளை 1980 முதல் 2004 வரை வருடவாரியாகப் பதிந்து வைத்தார்கள். தேர்தலில் நிற்கிறதா, வெளிநாட்டுப் பணம் வருகிறதா, அரசு அடக்குகிறதா, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி நடத்துகிறதா, பெண்களைப் பற்றி என்ன கொள்கை வைத்திருக்கிறது என்று. பெண்களைச் சமமாகச் சேர்த்துக்கொள்ளும் கொள்கை உள்ள அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடும் வழியை அதிகம் தேர்ந்தெடுக்கின்றன என்று அதிலிருந்து ஒரு முடிவு வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு குழுவை அதன் பேரை வைத்து எடைபோடாமல், அது செய்யும் காரியங்களை வைத்துப் பார்ப்பது.

சரி, இத்தனை தலைப்புகளில் எது பலமானது? போன மாதம் நடந்த வன்முறைதான். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே இடத்தில் சிறு அதிர்வுகள் தொடர்வது போல, ஒரு தாக்குதல் நடந்த இடத்தில் அடுத்ததும் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது, நிலநடுக்கக்காரர்களின் அதே சமன்பாட்டை ஈராக் வன்முறைக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆக, எரிகிற இடம் இன்னும் எரியும் என்று இந்த மாதிரிகள் நன்றாகவே சொல்கின்றன. பல வருடம் அமைதியாக இருந்த இடத்தில் புதிதாக எங்கே பற்றும் என்பதில்தான் திணறுகின்றன. ஹானஸ் முல்லர், கிறிஸ்டோபர் ராவ் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் செய்தித்தாள் கட்டுரைகளில் எந்தெந்தப் பேச்சு கூடுகிறது, எது குறைகிறது என்பதை வைத்து இந்தக் கடினமான பகுதியைக் கொஞ்சம் மேம்படுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம்தான். எங்கள் மாவட்டம் போன்ற இடத்துக்கு வேண்டியது அந்தக் கடினமான பகுதி.

செய்தித்தாள் என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வன்முறை நடந்ததா என்ற தரவு பெரும்பாலும் செய்தியில் இருந்துதான் வருகிறது. ஏக்லெட் போன்ற அமைப்பில் மனிதர்கள் உட்கார்ந்து படித்துப் பதிகிறார்கள். ஜிடெல்ட் போன்றதில் இயந்திரமே படித்து, யார் யாரை என்ன செய்தார்கள், எங்கே, என்று எழுதிக்கொள்கிறது. ஒருநாள் சாயாக்கடையில் கிடந்த பேப்பரை எடுத்து, நான் அந்த இயந்திரமாக இருந்தால் எதையெல்லாம் வன்முறை என்று பதிவேன் என்று பேனாவால் அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். ஆளுங்கட்சி மீது எதிர்க்கட்சித் தலைவர் கடும் தாக்கு. கூட்டணிக்குள் வெடித்தது மோதல். மாவட்டச் செயலாளருக்கு எதிராகப் போர்க்கொடி. மூன்றிலும் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை என்பது நமக்குப் படிக்கும்போதே தெரியும். உள்பக்கத்தில் நான்கு வரியில் இரு தரப்பு வாக்குவாதம், போலீசார் குவிப்பு என்று ஒரு ஊர்ச் செய்தி இருந்தது. உண்மையிலேயே கவனிக்க வேண்டியது அதுதான், ஆனால் அதில் அடி, வெட்டு, குத்து என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு தொல்லை உண்டு. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை என்று தேசம் முழுக்க எத்தனை மேடையில் முழங்குகிறார்கள், எத்தனை அரசியல் யாத்திரை இங்கிருந்து கிளம்பியிருக்கிறது, 1991இலும் 2022இலும் பார்த்தோம். இடப்பெயரை மட்டும் பொறுக்கும் இயந்திரத்துக்கு இந்த முனை எப்போதும் கொதித்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2014இல் நைஜீரியாவின் சிபோக்கில் பள்ளி மாணவிகளைக் கடத்திக்கொண்டு போனபோது, அமெரிக்காவின் ஒரு தரவுச் செய்தித் தளம் ஜிடெல்டை வைத்து அந்த நாட்டில் கடத்தல் எப்படிப் பெருகியிருக்கிறது என்று வரைபடம் போட்டது. அவர்கள் எண்ணியது கடத்தல்களை அல்ல, கடத்தல் பற்றிய செய்திகளை. ஒரே கடத்தலை நூறு பத்திரிகை எழுதினால் நூறு. இடம் சரியாகத் தெரியாத செய்திகளை எல்லாம் இயந்திரம் நாட்டின் நடுப்புள்ளியில் குத்தி வைத்திருந்ததால், வரைபடத்தில் அங்கே பெரிய குவியல். பிறகு தவறை ஒத்துக்கொண்டு திருத்தம் போட்டார்கள்.

செய்தி அதிகமானால் இப்படி. செய்தியே இல்லாமல் போனால்? 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வட்டம்தான் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. கல்லூரியில், பஸ்ஸில், மீன் சந்தையில், அவரவர் கேள்விப்பட்டதை அவரவர் சொன்னார்கள், எது நிஜம் என்று பார்க்க வழியில்லை. ஊர் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் சமூக ஊடகத்தை நம்பி ஓடும் எந்தக் கணிப்பு முறைக்கும், எந்த நாட்களில் அது மிகவும் தேவையோ அந்த நாட்களில் கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். இணையத்தை நிறுத்துகிற அதே அரசுதான் இந்த மாதிரிகளின் முக்கிய வாடிக்கையாளராகவும் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் ஆஸ்லோவின் அமைதி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வியூஸ் என்ற அமைப்பு 36 மாதம் வரை முன்னோக்கிச் சொல்கிறது, கணிப்புகளை ஒளிக்காமல் வெளியிடுகிறது, எனக்கு அவர்கள் மீது மரியாதை உண்டு. நாடுகளைத் தவிர, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்குப் பகுதிகளில் அவர்கள் பயன்படுத்தும் கட்டம் அரை பாகைக்கு அரை பாகை, அதாவது ஒரு பக்கம் சுமார் 55 கிலோமீட்டர். உலகம் முழுக்க வரைந்து வைத்திருக்கும் அந்தக் கட்டங்களை எங்கள் மாவட்டத்தின் மேல் விரித்தால், களியக்காவிளை, மார்த்தாண்டம், குளச்சல், மண்டைக்காடு, நாகர்கோவில் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், கொஞ்சம் கேரளமும் நிறையக் கடலும் சேர்ந்து. கன்னியாகுமரி ஊர் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போய், கூடங்குளம், இடிந்தகரையோடு சேர்ந்துகொள்ளும். ரிச்சர்ட்சனே கடற்கரை நீளம் நாம் வைக்கும் அளவுகோலைப் பொறுத்து மாறும் என்று கண்டுபிடித்தவர்தான் (இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று படித்தோமே, துல்லியமாக அளந்ததும் 11,098 ஆகிவிட்டது). வன்முறையும் அப்படித்தான். ஒரு வருடத்தில் 25 சாவு என்பது ஆயுத மோதலாக எண்ணுவதற்கு உப்சாலாக்காரர்கள் வைத்திருக்கும் கோடு. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாவட்டமே உறைந்துபோனது, என்ஐஏ வரை வழக்குப் போனது. அந்தக் கோட்டின் கணக்கில் அது ஒன்று.

எனக்கு இந்தத் துறையோடு உள்ள பெரிய மனத்தாங்கல் இனிமேல் சொல்லப்போவதுதான். ஒக்கிக்குப் பிறகு, 2017 டிசம்பர் 7 அன்று, கடற்கரை ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கான பேர், பெண்களும் பிள்ளைகளுமாக, குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகாத நேரம், கோபம் எந்த அளவில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். ரயில்கள் நின்றன, இரவாயிற்று, முதலமைச்சர் வருவார் என்று உறுதி கிடைத்த பிறகு கலைந்தார்கள். ஐந்தரை மாதம் கழித்துத் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாள், ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன கூட்டம். 13 பேர் செத்தார்கள். இரண்டு நாளையும் முந்தைய நாள் இரவு அட்டவணையில் எழுதினால், பெரிய கூட்டம், தென்கடற்கரை, நீண்ட நாள் கோபம், அரசு மீது நம்பிக்கை இல்லை, எல்லாக் கட்டமும் ஒன்றுபோலவே நிரம்பும். விடை மட்டும் வேறு. அந்த வேறுபாடு எங்கே இருந்தது? துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் பக்கம்தான் விரல் நீட்டியது. கிளர்ச்சிக் குழு வன்முறைக்குப் போகுமா என்று மட்டும் கேட்கும் மாதிரி, எதிரே துப்பாக்கியோடு நிற்பவர் என்ன உத்தரவு வைத்திருக்கிறார் என்ற தலைப்பையே போடுவதில்லை.

அடக்குமுறை ஏறினால் குழு ஆயுதம் எடுக்குமா என்ற கேள்விக்கும் ஆய்வுகளில் ஒரே பதில் கிடையாது. சில இடத்தில் ஆம், சில இடத்தில் இல்லை. எங்கள் கதையே ஒன்று இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டவர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் சுட்டது. அதற்குப் பிறகு இயக்கம் ஆயுதத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இயக்கத்தை நடத்திய நேசமணியும் மற்றவர்களும் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். 1953 டிசம்பரிலேயே மாநிலச் சீரமைப்பு ஆணையம் போட்டிருந்தார்கள், போய் முறையிட ஒரு கதவு திறந்திருந்தது என்பது இன்னொன்று. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. கதவு திறந்திருக்கிறதா என்பதைத் தரவாக எழுதலாம், கஷ்டமே இல்லை.

இனி, இடத்தை விட்டுவிட்டு ஆளைக் கணிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். அதில் 20 பேர் உண்மையிலேயே கொலைத் திட்டத்தோடு இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நம்மிடம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் மாதிரி இருக்கிறது, அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது, இருந்தாலும் வைத்துக்கொள்வோம். அது அந்த 20 பேரையும் பிடித்துவிடும் எனலாம். மீதி ஒரு சதவீதத் தவறு? ஒரு குற்றமும் செய்யாத 18,700 பேரையும் சேர்த்துக் காட்டும். பட்டியலில் உள்ள ஆயிரம் பேரின் வீட்டுக் கதவைத் தட்டினால் ஒருவர் அந்த ஆள். மற்ற 999 வீட்டில் என்ன நடக்கும், அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள், பையனுக்கு பாஸ்போர்ட் விசாரணை வரும்போது என்ன ஆகும் என்று, வெளிநாட்டு வேலையை நம்பி வாழும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிகாகோ போலீஸ் துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடியவர்கள் என்று கணினியைக் கொண்டு ஆட்களின் பட்டியலே போட்டது. 2016இல் ஆராய்ந்து பார்த்தபோது, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது அதனால் குறையவில்லை, அவர்கள் கைதாவதுதான் கூடியிருந்தது. பிறகு அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். ஆட்களின் பட்டியல் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இடத்தைப் பற்றிய கணிப்பு, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பவும் ஆஸ்பத்திரியைத் தயாராக வைக்கவும் உதவும். போலீசுக்கு மட்டும் ரகசியமாகப் போனால் ஒக்கி எச்சரிக்கை மாதிரிதான், கேட்க வேண்டியவர்களுக்குப் போய்ச் சேராது.

கடைசியாக, அட்டவணையில் சைபர் என்று எழுதியிருக்கும் வரிகள். 1982 மார்ச் 1, மண்டைக்காடு கோயிலின் மாசிக் கொடை விழா நேரத்தில் கடற்கரையில் மூண்ட தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, 6 பேர் செத்தார்கள், அதன் பிறகு கலவரம் ஊர் ஊராகப் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அந்த நாட்களில் குன்றக்குடி அடிகளார் வந்து, கடற்கரை ஊர்களுக்கும் உள்ளூர்களுக்கும் போய், இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். உப்சாலாவின் நிகழ்வுத் தரவு 1989இல்தான் தொடங்குகிறது, அதில் 1982 இல்லை. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு ஒன்று நடக்காமல் கடந்த மாசி மாதங்கள் எல்லாம் வெறும் சைபர். ஒன்றுமே நடக்க வாய்ப்பில்லாத ஊருக்கும் சைபர். விழாவின் பத்து நாளும் கோயில்காரர்களும் பங்குக் குருவும் தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் பேசிப் பேசித் தடுத்த ஊருக்கும் அதே சைபர். கணினிக்கு இரண்டும் ஒன்று. கடலுக்குப் போவதை விட்டுவிட்ட முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "மக்ளே, வள்ளம் கரை ஏறுனத எண்ணுவானுவ, துடுப்பு போட்டவன எவன் எண்ணுவான்" என்றார்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வயதானவர்களைப் பார்த்து, பழைய சச்சரவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள், கல்லூரி ப்ராஜெக்டாக. நோட்டில் கோடு கிழித்து, தேதி, இடம், காயம்பட்டவர்கள் என்று மூன்று தலைப்புப் போட்டிருந்தாள். யார் பேசி நிறுத்தினார்கள் என்று நான்காவதாக ஒன்று போடச் சொன்னேன். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் மூன்றிலும் பல கட்டம் காலி, தேதி யாருக்கும் சரியாக நினைவில்லை. நான்காவதில் இடம் போதாமல் பக்கத்து ஓரத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள்.